இருந்தே கழியும் இளமை

“குந்தித் தின்றால் குன்றும் மாளும்” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. முயற்சியின்றி இருந்து உண்பவனது செல்வம், மலையளவினதாயினும், ஒருநாள் தேய்ந்தொழியும் என்பது அதன் பொருள். பொருட்செல்வத்தைக் குறித்து எழுந்த அம்மொழி உடற்செல்வத்துக்கும் பொருந்தும் என்பதை இக்கால மருத்துவ ஆராய்ச்சி காட்டுகின்றது. நாளிற் பெரும்பொழுதை இருந்தவாறே கழிக்கும் வழக்கம் உடலின் வலிமையை மெல்ல மெல்லக் குறைக்கும் என்பதும், பிள்ளைப் பருவம் நீங்கி இளமைப் பருவம் தொடங்குங்கால் அவ்வழக்கம் பெருகுகின்றது என்பதும் அறிஞர் பலர் கண்ட உண்மை. குன்றுகளே நிலமாய் அமைந்த ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களுக்கு, சிறப்பாக மடுல்சீமைப் பகுதிக்கு, இவ்வுண்மை எவ்வாறு பொருந்துகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுளை நகரிலிருந்து பசறையைக் கடந்து கிழக்கே ஏறிச் செல்லும் பாதை மடுல்சீமையை அடைகின்றது. சரிவெங்கும் தேயிலை படர்ந்திருக்க, மலைவிளிம்பில் நின்று நோக்குவார்க்குக் கீழ்த்திசைத் தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். அங்கே சமதரை அரிது. பிரட்டு முடிந்து மலைக்குச் செல்லும் பெண் இடுப்பிற் படங்கு கட்டி நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கத் தொடங்கினால், மாலையிற் கொழுந்து நிறுத்து முடியும்வரை நின்றும் நடந்துமே பொழுதைப் போக்குகின்றாள். கவ்வாத்து வெட்டுவோரும் கான் வெட்டுவோரும் அத்தகையோரே. இருந்து செய்யும் வேலை தோட்டத்திலே கந்தோருக்கு உரியது. ஆதலின், பல தலைமுறையாக அம்மக்களின் உள்ளத்தில் நிற்றல் உழைப்பின் அடையாளமாகவும் இருத்தல் உயர்வின் அடையாளமாகவும் பதிந்துவிட்டன. தம் பிள்ளையாவது வெயிலும் மழையும் படாத இடத்தில் அமர்ந்து வேலை செய்யவேண்டும் என்பது தோட்டத்துத் தாய் தந்தையர் பலரின் தலையாய ஆசை.

அவ்வாசை நிறைவேறுவதற்குரிய வழி பாடசாலை. அவ்வழியும் எளிதில் திறந்ததன்று. 1945ஆம் ஆண்டிற் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே நின்றன. அவற்றுட் பல, ஆசிரியர் ஒருவரே எல்லா வகுப்புக்களையும் ஒரே மண்டபத்தில் நடத்தும் சிறு பாடசாலைகள். தொடக்கக் கல்விக்கு மேல் அங்கே வழியில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தின் பின்னர், 1977 முதற்கொண்டே அரசாங்கம் அப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1986 தொடக்கம் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. 2016ஆம் ஆண்டிற் கட்டாயக் கல்வியின் மேலெல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே, மடுல்சீமைப் பிள்ளை வகுப்பறையில் அமர்ந்திருக்கும் வாங்கு அவனது முன்னோர் பலருக்குக் கிட்டாத ஆசனம் என்பதை மறத்தல் கூடாது.

இவ்வாறு அரிதின் வந்த இருக்கையைக் குறைகூறுவது ஈண்டுக் கருத்தன்று. பிள்ளைகளை மீண்டும் மலைக்கு அனுப்புக என்று எவரும் கூறார். கற்றற்கு இருத்தல் வேண்டும். ஆயினும் எத்துணை நேரம், எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே வினா.

முதற்கண் இருத்தல் என்பதன் இலக்கணத்தைத் தெளிதல் வேண்டும். ஒருவன் ஓய்ந்திருக்குங்கால் அவனுடல் செலவிடும் சத்தியை ஓரலகு எனக் கொண்டால், விழித்திருக்கும் நேரத்தில், அமர்ந்தோ சாய்ந்தோ கிடந்தோ, ஒன்றரை அலகுக்கு மேற்படாத சத்தியைச் செலவிடும் நிலையே இருத்தல் எனப்படும். 2012ஆம் ஆண்டில் இத்துறை ஆய்வாளர் இவ்வரையறையை வகுத்து 2017இல் விரித்துரைத்தனர். உறக்கம் இதனுள் அடங்காது. உடற்பயிற்சி செய்யாமை வேறு, நெடுநேரம் இருத்தல் வேறு என்பதும் இதனாற் பெறப்படும். மாலையில் ஒரு மணி நேரம் பந்து விளையாடும் மாணவன் ஏனைய பொழுதெல்லாம் இருந்தே கழிப்பவனாகவும் கூடும். விளையாட்டே அறியாத பெண்பிள்ளை வீட்டு வேலைகளால் நாள் முழுதும் நின்றுகொண்டிருப்பவளாகவும் கூடும். இருவர்க்கும் வேண்டுவன வெவ்வேறு.

இருந்து தொழில் செய்வோர் நோயுறுவர் என்பது புதிய கருத்தன்று. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னாடினோ ரமஸ்ஸினி, தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி எழுதிய நூலிலே, தையற்காரரும் செருப்புத் தைப்போரும் போன்று அமர்ந்து தொழில் செய்வோரின் இன்னல்களைத் தனியே எடுத்துரைத்து, ஓய்வுநாட்களிலாயினும் அவர்கள் உடலை இயக்குதல் வேண்டும் என்றார். எனினும், கணக்கெடுத்து நிறுவிய பெருமை ஜெரமி மொறிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவருக்கு உரியது. இலண்டன் மாநகரப் போக்குவரத்துச் சேவையிற் பணிபுரிந்த ஏறத்தாழ 31,000 ஆண்களை ஆராய்ந்து 1953இல் அவரும் அவர்தம் தோழரும் முடிபை வெளியிட்டனர். இரட்டைத்தட்டு பஸ் வண்டியிலே நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சாரதியைக் காட்டிலும், படிகளில் ஏறி இறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநருக்கு இதய நாடி நோய் குறைவாகவும் பிந்தியும் வந்தது. வண்டியும் வீதியும் நிறுவனமும் ஒன்றே. தொழிலின் இயல்பே வேறு. 1956இல் அவர்களது சீருடை அளவுகளையும் ஆராய்ந்த மொறிஸ், சாரதிகளின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாயிருந்ததையும் மறையாது எடுத்துக் காட்டினார். ஆகையால், வேறுபாடு முழுவதற்கும் இருக்கையே காரணம் என்று கூறல் சாலாது. அது காரணங்களுள் முக்கியமானதொன்று எனல் பொருந்தும்.

இருத்தலால் உடலினுள் நிகழ்வது யாது? காலிலும் தொடையிலும் உள்ள தசைகளே உடலின் மிகப்பெரிய தசைகள். உணவிலிருந்து இரத்தத்திற் கலக்கும் குளுக்கோசை அவை இயங்குங்காலையில் மிகுதியாக ஏற்றுக்கொள்ளும். இயக்கம் ஒழிந்தவிடத்து அவை ஏற்பது குறையும். குளுக்கோசு இரத்தத்தில் நெடுநேரம் தங்கும். அதனை அகற்ற இன்சுலின் மிகுதியாகச் சுரக்க வேண்டியதாகும். அவுஸ்திரேலியாவில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றிலே, உடற்பருமன் மிக்க 19 பேர் இடையறாது அமர்ந்திருந்த நாளையும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்த நாளையும் ஒப்பிட்டனர். நடந்த நாளில் உணவுக்குப் பின் இரத்தத்திற் குளுக்கோசின் ஏற்றம் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. வளர்ந்தோரிடம் கண்டதைப் பிள்ளைகள்மேல் அப்படியே ஏற்றுதல் முறையன்று. ஆனால் அமெரிக்காவில் 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளிடத்தும் 2015இல் இவ்வாறே சோதித்தனர். அரைமணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் நடந்த நாளில் அவர்களது இன்சுலின் ஐந்தில் ஒரு பங்களவு குறைவாயிருந்தது. சிறிய இடையீடும் பயன் தரும் என்பது இவற்றால் விளங்கும்.

இளமைப் பருவத்தைத் தனியே நோக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வளர்ந்தவரது எலும்பிலுள்ள கனிப்பொருளில் ஏறத்தாழக் காற்பங்கு, உயரம் விரைந்து கூடும் இரண்டே ஆண்டுகளில் உடலிற் சேர்வதாகக் கனடா நாட்டு ஆய்வாளர் 1999இற் கண்டனர். ஓடுதலும் குதித்தலும் எலும்பின்மேல் ஏற்றும் பாரமே அதனை உறுதியாக்கும். அவ்விரண்டு ஆண்டுகளை இருந்தே கழித்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் அதே வாய்ப்பு மீண்டும் கிட்டாது. ஆனால் அவ்வாண்டுகளிலேதான் பரீட்சையும் நெருங்கி வருகின்றது.

உலகநிலையும் ஆறுதல் தருவதாயில்லை. 146 நாடுகளின் கணக்கைத் திரட்டி 2016ஆம் ஆண்டு நிலையை மதிப்பிட்ட உலக சுகாதார ஸ்தாபனத்து ஆய்வாளர், 11 முதல் 17 வயதுவரையுள்ள மாணவரில் நூற்றுக்கு 81 பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர் எனக் கண்டனர். ஆண்பிள்ளைகளில் இது நூற்றுக்கு ஏறத்தாழ 78. பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ 85. அந்த ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 5 முதல் 17 வயதுவரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாயினும் உடல் வியர்க்க இயங்குதல் வேண்டும். இருக்கும் நேரத்தை, சிறப்பாகப் பொழுதுபோக்காகத் திரைமுன் இருக்கும் நேரத்தை, குறைத்தல் வேண்டும். இத்தனை மணிக்கு மேல் இருத்தலாகாது என்று எண்ணிட்டுக் கூறுவதற்குச் சான்று போதாமையால் அந்நெறிமுறைகள் எல்லையொன்றை வகுக்கவில்லை.

இலங்கையிலும் 2008, 2016ஆம் ஆண்டுகளில் உலக மாணவர் சுகாதார ஆய்வு நடைபெற்றது. பாடசாலையும் வீட்டுப்பாடமும் ஒழிந்த நேரத்தில் மாணவர் மூன்று மணிக்கு மேல் அமர்ந்திருக்கின்றனரா என்பது அதில் ஆராயப்படுவனவற்றுள் ஒன்று. தொலைக்காட்சியையும் விளையாட்டுப் பொறிகளையும் நோக்கி எழுந்த அக்கேள்வி பயனுடையதே. ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அமர்ந்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதி அக்கேள்விக்குப் புறத்தே நிற்கின்றது.

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவியொருத்தியின் நாளை எண்ணிப் பார்த்தால் இது புலனாகும். காலை ஏழரை மணி முதல் ஒன்றரை மணி வரை பாடசாலை நடத்துவது இலங்கையின் நெடுநாள் வழக்கம். இடைவேளை நீங்க, ஐந்தரை மணி நேரம் வாங்கில் இருக்கின்றாள். மாலையில் தனியார் வகுப்பு இரண்டு மணி; இரவு வீட்டுப்பாடம் இரண்டு மணி; தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இரண்டு மணி என்றாற் பதினொன்றரை மணியாகும். விழித்திருக்கும் பதினாறு மணியில் இது பத்தில் ஏழு பங்கு. தாய் மலையில் நிற்கும் நேரத்தினும் மகள் இருக்கும் நேரம் மிகுதி.

இதற்குத் துணைசெய்வன பல. சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடம் ஆறாம் ஆண்டு தொடங்கி ஒன்பதாம் ஆண்டுவரை எல்லார்க்கும் உரியது. பத்தாம் ஆண்டிலோ அது விரும்பினோர் தெரிந்தெடுக்கும் பாடங்களுள் ஒன்றாகின்றது. இருக்கும் நேரம் பெருகும் ஆண்டிலேயே இயங்கும் நேரத்துக்குரிய கட்டாயம் நீங்குகின்றது. லயக் காம்பராவிலே தனியறை இல்லை. பாயிலோ கட்டிலிலோ இஸ்தோப்பிலோ இருந்து படிக்கும் பிள்ளை எழுந்து உலாவ இடமில்லை. சமதரையாய் உள்ள நிலத்திற் பெரும்பகுதியில் தொழிற்சாலையும் கட்டடங்களும் நிற்பதால், மைதானம் இல்லாத பாடசாலைகளும் உள. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையில் மலைப்பாதைகள் அஞ்சத்தக்கனவாகும். பருவமடைந்த பெண்பிள்ளை வெளியில் ஓடி விளையாடுதல் தகாது என்னும் எண்ணமும் முற்றாக மறைந்தபாடில்லை.

இவையனைத்தினும் நுட்பமான காரணம் ஒன்றுண்டு. வகுப்பறையில் அசையாதிருப்பவனே நல்ல மாணவன் எனப்படுகின்றான். பிழைசெய்தவனுக்கு “எழுந்து நில்” என்பதே தண்டனை. வீட்டிலே நிற்றல் கூலி உழைப்பு. பாடசாலையிலே நிற்றல் அவமானம். இவ்விரண்டுக்கும் நடுவே வளரும் பிள்ளை இருத்தலையே மதிப்பெனக் கொள்வதில் வியப்பில்லை. ஆகவே இங்கு மாற வேண்டுவது மாணவரின் பழக்கம் மட்டுமன்று. நிற்றலைப் பற்றிப் பெரியோர் கொண்டுள்ள எண்ணமும் மாறுதல் வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளை மெலிந்தவன். உடற்பருமன் இல்லாத அவனுக்கு இருத்தலால் என்ன தீங்கு வரும் என்று சிலர் வினவலாம். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். தோட்டத் துறையிலோ அது 31.7. இம்மெலிவே கவலையைக் கூட்டுவது. பூனாவில் யாஜ்னிக் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்விலே, நிறை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலிற் தசை குறைந்திருப்பினும் கொழுப்பு அவ்வளவு குறையவில்லை எனக் காட்டினர். தோற்றத்தில் மெலிந்து உள்ளே கொழுப்பு மிக்க இத்தகைய உடலுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு எளிதில் வரக்கூடும். பிறப்பிலே தசை குறைந்த பிள்ளை, வளரும் பருவத்திலும் தசையை இயக்காது இருந்து, பின்னர் நகரத்துக்குச் சென்று அமர்ந்து வேலை செய்து, மாப்பொருள் மிக்க உணவை உண்பானாயின் அவனுக்கு வரும் இடர், செழித்து வளர்ந்த பிள்ளைக்கு வருவதினும் பெரிது. இதனாற் பசித்த பிள்ளையை ஓடச்சொல்லுதல் நன்று என்பது பொருளன்று. உணவு முந்தியது, இயக்கம் அதனோடு சேர்ந்து செல்வது.

தோட்டத்துப் பிள்ளைகள் நெடுந்தூரம் நடப்பவராயிற்றே என்பது மற்றொரு தடை. இதில் உண்மை உண்டு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வளர்ந்தோரின் தரவுகளைத் திரட்டி 2016இல் வெளிவந்த ஆய்வு, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற இயக்கமுடையோர்க்கு, எட்டு மணிக்கு மேல் இருத்தலாற் கூடும் இறப்பிடர் பெரும்பாலும் நீங்குகின்றது எனக் கண்டது. மலையேறிப் பாடசாலைக்குச் சென்று இறங்கி வீடு திரும்பும் பிள்ளை அம்மருந்தை நாள்தோறும் உண்பவனே. முச்சக்கர வண்டியிலும் பஸ்ஸிலும் செல்லும் பிள்ளை அதனை இழக்கின்றான். சேய்மையும் மழையும் பாதுகாப்பும் கருதி வண்டியை நாடும் பெற்றோரைக் குறைகூறல் தகாது. இழந்த நடைக்கு ஈடாக எதனைத் தருவது என்று எண்ணுதலே தக்கது.

பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டு பங்குனியில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. தொலைபேசி அலை எட்டாத ஊவா மலைக்கிராமங்களிற் பிள்ளைகள் பாறைமேல் ஏறி, அங்கே அமர்ந்து பாடம் கேட்டனர். கற்றற்கு அவர்கள் பட்ட பாட்டை அது காட்டியது. தொற்று ஒழிந்தபின் வகுப்புக்கள் பாடசாலைக்குத் திரும்பின. கையிற் புகுந்த தொலைபேசியோ பல வீடுகளிற் பிள்ளையின் கையிலேயே தங்கிற்று.

இனிச் செய்யத்தக்கன யாவை என்பதைக் காண்போர்க்குப் பெரும்பொருள் வேண்டாத வழிகள் பல தோன்றும். பின்லாந்திலே நாற்பத்தைந்து நிமிடப் பாடத்தின்பின் பதினைந்து நிமிடம் வெளியில் விடுதல் நெடுநாள் வழக்கம். ஸ்கொட்லாந்தின் ஸ்ரேர்லிங் நகர்ப் பாடசாலையொன்று 2012இல் தொடங்கிய முறைப்படி, பிள்ளைகள் நாள்தோறும் பதினைந்து நிமிடம் சீருடையோடே வெளியிற் சென்று ஓடியும் நடந்தும் வருகின்றனர். மைதானமும் வேண்டாம், பந்தும் வேண்டாம். தோட்டப் பாதையொன்றிருந்தாற் போதும். அது மடுல்சீமையிற் குறைவில்லை.

வகுப்பறையிலே, ஒரு பாடவேளை முடிந்து மறுபாடவேளை தொடங்குமுன் எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் கைகால் அசைத்தல், விடை கூறுவோர் கரும்பலகைக்குச் சென்று எழுதுதல், மனனஞ் செய்வோர் நின்றும் உலாவியும் மனனஞ் செய்தல் ஆகியவற்றைத் தலைமையாசிரியர் ஒருவரே ஒரு நாளில் நடைமுறைப்படுத்தலாம். நிற்றலைத் தண்டனையாக விதிக்கும் வழக்கத்தை ஒழித்தலும் அதே நாளிற் கூடும். பத்தாம், பதினோராம் ஆண்டு மாணவர் உடற்கல்வியைப் பாடமாகக் கொள்ளாவிடினும் விளையாட்டு வேளையைப் பறிக்காது விடுதல் வேண்டும். கிளித்தட்டுக்கும் கபடிக்கும் சிறு முற்றம் போதும். பெண்பிள்ளைகள் தமக்குள்ளே ஆடுதற்கும் அவை ஏற்றவை. மாசி மாதத்துக் காமன் கூத்திலே தப்பொலிக்கு ஏற்ப ஆடும் இளைஞனின் கால்கள் செய்வதும் உயர்ந்த உடற்பயிற்சியே. அக்கலையைப் பாடசாலை விழாவிலும் பயிற்றுவித்தாற் கூத்தும் பிழைக்கும், உடலும் வலுப்பெறும்.

வீட்டிலே, அரைமணிக்கு ஒருமுறை புத்தகத்தை மூடி எழுந்து தண்ணீர் அருந்தி வருதல் படிப்புக்கு இடையூறன்று. தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கமும் சமதரையான நிலத்துண்டு ஒன்றையேனும் பிள்ளைகளுக்கென ஒதுக்க முன்வருமாயின், அது கட்டடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தலினும் குறைந்த உதவியாகாது. மண்சரிவு அபாயம் கருதி வீடுகளை இடம்மாற்றும்போதும் விளையாட்டிடத்தை முதலிலேயே வரைபடத்திற் குறித்தல் தக்கது.

இருந்து செய்யும் வேலை வேண்டுமென்று தோட்டத்துப் பெற்றோர் விரும்பியது, தம் பிள்ளை நலமாக நீண்டநாள் வாழவேண்டும் என்பதற்காகவே. நாற்பது வயதில் நீரிழிவுக்கு மருந்து தேடும் கந்தோர் உத்தியோகத்தன் அவ்விருப்பத்தைப் பாதியே நிறைவேற்றியவனாவான். அவனது கல்வியைக் காத்த அதே பாடசாலை அவனது உடலையும் காத்திருக்கக் கூடும். அதற்குப் பாடவேளைகளுக்கு இடையே இரண்டு நிமிடமும், நாளுக்கு ஒரு மணி நேரமும், ஆசிரியரின் மனமாற்றமும் போதியன. அடுத்த தவணை தொடங்கும் நாளிலேயே இம்மூன்றையும் மலைநாட்டுப் பாடசாலைகள் மேற்கொள்வது சாலவும் நன்று.